தண்ணீர் கேட்டவரை விட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்

இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.40

ஒன்பது வருடமாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், பட்டாசு வேலை நடக்கிற பக்கம் என்றால் போதும். நாலு வருடத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே எழுதுகிறேன். வீட்டில் சொன்னால் "விடு, வேலைன்னா அப்படித்தான்" என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னால் அவரவர் மனதில் ஒன்று கிடக்கிறது, அதைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பகல் பதினொன்றரை இருக்கும். ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்துக் கலவை அறை வெடித்துவிட்டதாக அழைப்பு வந்தது. நாங்கள்தான் முதல் வண்டி. அடுத்தது வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையில் காலர் மட்டும் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு மீதி இருந்தது. முகம், நெஞ்சு, முதுகு, கைகள், கால்கள் எல்லாம் வெந்திருந்தன. சில இடங்களில் தோல் மெழுகு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னியது. ஆனால் தெளிவாகப் பேசினார். பெயர் சொன்னார், வீட்டு போன் நம்பர் சொன்னார். "எங்க வீட்ல பதனமாச் சொல்லுங்க, அவளுக்கு பிரஷர் இருக்கு" என்றார். பிறகு தண்ணி கேட்டார்.

இன்னொருவர் பெண், முப்பதுக்குள். தானே நடந்து வந்து மரத்தடியில் உட்கார்ந்தாராம். வெந்தது முகமும் கழுத்தும் ஒரு கையும்தான். ஆனால் குரல் கம்மிப்போயிருந்தது, மூக்கு முடி கருகியிருந்தது, துப்பினால் கரியாக வந்தது. மூன்றாவது ஒரு பையன். முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறியது. யாரோ கட்டிவிட்ட துண்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டியில் ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு பக்கத்து பெஞ்சு. பையன் தொடையில் பட்டை இறுக்கி பெஞ்சில் ஏற்றினேன். ஸ்ட்ரெச்சரில் அந்தப் பெண்ணை ஏற்றினேன்.

"நடந்து வந்தவளை ஏத்துறீங்க, சாகக் கிடக்கிறவனை விட்டுட்டுப் போறீங்களா?" என்று ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கூட்டம் அவர் பின்னால் சேர்ந்துவிட்டது. வண்டி ஓட்டுகிற பைலட் அண்ணன் இறங்கிக் கும்பிட்டு வழிவிடச் சொன்னார். இதற்கிடையில் அந்த ஐம்பது வயதுக்காரர் இரண்டாவது தடவை தண்ணி கேட்டார். தீப்பட்டவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதே என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கொடுக்கவில்லை. "அடுத்த வண்டி வருதுங்கய்யா" என்றேன். கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

அந்தப் பெண்ணும் பையனும் பிழைத்துவிட்டார்கள். அவர் மறுநாள் விடியற்காலை இறந்துவிட்டார்.

அந்த முடிவு சரியா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

மூன்றாமாண்டு | செவ்வாய், இரவு 11.58

அக்கா, நான் நர்சிங் படிக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பலர் காயப்பட்ட இடத்தில் நிறம் கொடுத்துப் பிரிக்கும்போது, எங்களுக்கு "நடக்க முடிந்தவர் பச்சை, காத்திருக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் பச்சை இல்லையா?

போன வருடம் எங்கள் கல்லூரியில் பேரிடர் ஒத்திகை நடந்தது. எனக்குப் 'பிழைக்க மாட்டார்' என்ற கறுப்பு அட்டை மாட்டி மைதானத்தில் படுக்க வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் வெயிலில் கிடந்தேன், ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நானே எழுந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

டூட்டி டாக்டர் | புதன், காலை 6.15

இரவு முழுக்க டூட்டி, இப்போதுதான் படித்தேன். முதலில் மாணவியின் கேள்விக்கு வருகிறேன், சகோதரியின் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் படித்தது 'ஸ்டார்ட்' முறை. 1983-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் அங்குள்ள ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. "நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாங்க" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் பச்சை. கிடப்பவர்களிடம் மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் தலையை நிமிர்த்தி மூச்சுவழியைத் திறக்க வேண்டும், அப்போதும் வரவில்லையென்றால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனால் சிவப்பு. சொன்னதைச் செய்ய முடியவில்லை என்றாலும் சிவப்பு. மீதிப் பேர் மஞ்சள். ஒருவருக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்.

நல்ல முறைதான். ஆனால் தீக்காயத்தில் இது காலை வாரிவிடும். முழு ஆழத்துக்கு வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் வெந்துவிடுவதால் அங்கே வலி தெரியாது. மூளைக்கு இன்னும் ரத்தம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் தொண்ணூறு சதவீதம் வெந்தவர் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், சில சமயம் நடந்தே வருவார். அட்டையை மட்டும் பார்த்தால் அந்தப் பெரியவர் மஞ்சள், அந்தப் பெண் பச்சை. உண்மை என்னவென்றால், கம்மிய குரலும் கருகிய மூக்கு முடியும் கரி எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் சூடு போயிருப்பதற்கான அடையாளங்கள். உள்ளே வீங்கிக்கொண்டே வரும். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்திருந்தால் எங்களால் மூச்சுக்குக் குழாயே போட முடியாமல் போயிருக்கலாம்.

பெரியவருக்கு எங்கள் கணக்கு கொஞ்சம் இரக்கமில்லாதது. வயதையும் வெந்த சதவீதத்தையும் கூட்டுவோம். மூச்சுக்குழாயும் வெந்திருந்தால் இன்னொரு 17. ஐம்பதும் தொண்ணூறும் நூற்று நாற்பது. உலகின் பெரிய தீக்காய மையங்களிலேயே அந்த எண்ணைத் தொட்டவர்கள் பிழைப்பது அபூர்வம்.

சாதாரண நாளில் யார் ரொம்ப மோசமோ அவருக்கு முதலிடம். அரசு மருத்துவமனை வாசலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் அதற்குத்தான். கைகள் குறைந்து ஆட்கள் கூடிவிட்டால் வரிசை தலைகீழாகிறது. யாரைக் காப்பாற்ற முடியுமோ அவருக்கு முதலிடம். ரயில் கவிழ்ந்தால்தான் அப்படி என்று நினைக்கிறோம். ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்றாலும் அதே நிலைதான். அந்த மாற்றத்தை வேப்பமரத்தடியில் தனியாக நின்று அறிவித்தது நீங்கள் ஒருவர். மருத்துவமனையில் அதைச் செய்ய எங்களுக்குப் பேராசிரியர் இருக்கிறார், சுவரில் ஒட்டிய தாள் இருக்கிறது, கலந்து பேச நாலு பேர் இருக்கிறார்கள்.

முடிவு சரி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தண்ணீர் விஷயம் வேறு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

தீயணைப்பு ஓய்வு | புதன், காலை 9.05

அம்மா, முப்பத்தொரு வருடம் தீயணைப்பில் இருந்தவன் எழுதுகிறேன். உங்களுக்கு வந்தது யாரை ஏற்றுவது என்ற கேள்வி. எங்களுக்கு அதற்கு முன்னாலேயே ஒன்று வந்து நிற்கும், உள்ளே போகலாமா கூடாதா என்று.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பு. விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாற்பது பேர் அளவில் இறந்துபோனார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடி கேட்டதும் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுப்பட்டு ஜனங்கள். அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

பட்டாசு ஆலையில் ஒரு அறை வெடித்தால் பக்கத்து அறையில் என்ன இருக்கிறது, காயப்போட்ட மருந்து எத்தனை கிலோ என்று தெரியாமல் ஆளை உள்ளே அனுப்பக் கூடாது. உள்ளேயிருந்து சத்தம் கேட்கும். நான் கையை நீட்டி என் பசங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். வெளியே நிற்கிற ஜனம் "சம்பளம் வாங்குறீங்கல்ல, உள்ள போங்கடா" என்று மண்ணை வாரித் தூற்றும். ஒரு தடவை நான் நிறுத்திய நாலாவது நிமிடம் பக்கத்து அறை போனது. இன்னொரு தடவை நிறுத்தினேன், ஒன்றுமே வெடிக்கவில்லை. அன்றைக்கு உள்ளே இருந்தவரை முதலிலேயே போயிருந்தால் எடுத்திருக்கலாம். இரண்டு நாளும் நான் செய்தது ஒன்றேதான். என் பெண்டாட்டிக்கு முதலாவது நாள் கதை தெரியும், இரண்டாவது தெரியாது.

கதவைப் பிடித்துக் கத்தினாரே, அவர் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆளுக்குக் கை இருக்கிறது, செய்ய வேலை இல்லை. அதுதான் கத்தல். நாங்கள் கத்துகிற ஆளையே கூப்பிட்டு ஹோஸைப் பிடிக்கச் சொல்லுவோம்.

மேலத்தெரு | புதன், பகல் 1.30

எல்லோரும் சரி சரி என்று தட்டிக்கொடுக்கிறீர்கள். நான் மறுபக்கத்து ஆள்.

டாக்டர் ஐயா, ஐம்பதும் தொண்ணூறும் கூட்டினால் நூற்று நாற்பது என்று எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு அது எண். ஒரு வீட்டில் அவர் அப்பா. பிழைப்பது அபூர்வம் என்கிறீர்கள், அப்படியானால் யாரோ ஒருவர் பிழைத்திருக்கிறார் இல்லையா? அந்த ஒருவர் இவராக இருந்திருக்கக் கூடாதா? ஒரு நிமிடப் பார்வையில் தீர்மானிக்க நீங்கள் யார்?

2023 ஜூன் 2, ஒடிசாவில் பஹநாகா பஜார் நிலையத்தில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 290-க்கும் மேல் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். உடல்களை அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் அடுக்கி வைத்தார்கள். ஹவுரா பக்கத்திலிருந்து ஒரு அப்பா மகன் செத்திருக்க மாட்டான் என்று நம்பி ஆம்புலன்ஸ் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டுக் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிணங்களுக்கு நடுவே ஒரு கை ஆடியது. அவர் மகன். 24 வயது. உயிரோடு இருந்தான். பேப்பரில் வந்ததுதானே?

அந்த அப்பா வராமல் போயிருந்தால்?

இரவுப்பணி | புதன், மாலை 4.10

மேலத்தெரு அண்ணே, நீங்கள் கேட்பதைத்தான் நானும் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இருந்தால் இங்கே வந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை.

ஒன்று மட்டும். ஒருவரைத் தீர்மானித்தேன் என்று எழுதினீர்கள். நான் மூன்று பேரைத் தீர்மானித்தேன். அவரை ஏற்றியிருந்தால் அந்தப் பெண்ணை மரத்தடியில் விட்டிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயதுக் குழந்தை இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அது தெரிந்து எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தை இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அதுவும் என் மனதுக்குள் புகுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

டூட்டி டாக்டர் | புதன், இரவு 8.20

மேலத்தெரு நண்பருக்கு. பஹநாகாவில் நடந்ததற்குச் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பிரித்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பச்சை என்று உட்கார வைத்தவர் பத்து நிமிடத்தில் சிவப்பாவார். கறுப்பு என்று ஒதுக்கியவரை, இன்னும் நாலு கை வந்து சேர்ந்ததும், மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த முறையின் பகுதிதான். நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

நிறங்களும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மின்னல் தாக்கி வயலில் நாலு பேர் கிடந்தால் முனகுகிறவரிடம் போகக் கூடாது. செத்ததுபோல் கிடக்கிறவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். மின்னலில் இதயம் சட்டென்று நின்று தானாகவே திரும்பத் தொடங்கலாம், மூச்சு திரும்ப நேரம் ஆகும். அதுவரை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிவிட்டால் பலர் எழுந்துவிடுவார்கள். நம் ஊரில் ஆடு மேய்க்கப் போனவர்கள், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் என்று வருடா வருடம் மின்னலில் இறந்துபோகிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம்.

"தீர்மானிக்க நீ யார்" என்றீர்கள். நியாயமான கேள்வி. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவியையும் நாட்டையும் பார்க்காமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வரிசை போடு என்றார். அவர் சொல்லும் முன்னால் வரிசையே இல்லாமல் இருக்கவில்லை. தளபதிக்கு முதல் இடம், சிப்பாய்க்குக் கடைசி இடம். இன்று நாம் நிறம் கட்டாவிட்டாலும் வரிசை இருக்கும். யார் சத்தமாகக் கத்துகிறார்களோ, யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ, யார் சாதிக்காரர் வண்டிக் கதவைப் பிடித்திருக்கிறாரோ, அப்படி ஒரு வரிசை. நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண் இரக்கமில்லாததுதான், ஆனால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காது.

சட்டப்படி | புதன், இரவு 9.45

சுருக்கமாக. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரோ தனியாரோ, அவசர நிலையில் வருபவருக்குச் சிகிச்சை தருவது கடமை, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றது. விபத்தில் உதவ ஓடுகிற பொதுமக்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பணியில் இருக்கும் உதவியாளருக்கு அது பொருந்தாது.

வெளிநாட்டில் ஒன்று. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் மெமோரியல் மருத்துவமனை வெள்ளத்தில் மின்சாரம் இல்லாமல் தவித்தது. இதயம் நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்தவர்களைக் கடைசியாக வெளியேற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு 45 உடல்கள் கிடைத்தன. சில நோயாளிகளுக்கு மருந்து செலுத்திக் கொன்றதாக ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியர்களும் 2006-ல் கைதானார்கள். மருத்துவர் மேல் குற்றம் சாட்ட ஜூரி 2007-ல் மறுத்துவிட்டது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் 'எனக்கு இதயம் நின்றால்' என்றுதான் போட்டார்கள். 'வெள்ளம் வந்தால் என்னைக் கடைசியில் விடுங்கள்' என்று போடவில்லை.

வன்னியாள் | வியாழன், அதிகாலை 2.30

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2009 பங்குனியில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் பாடசாலையில் இயங்கிய ஆஸ்பத்திரியில் தொண்டராக நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது. முதலுதவி வகுப்பைத் தவிர ஒன்றும் படிக்கவில்லை. கட்டில் காணாது. ஆட்களை நிலத்தில், தறப்பாளுக்குக் கீழே, மரத்துக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். மயக்க மருந்து குறைந்துகொண்டே போனது. டொக்டர்மார் யாரை மேசைக்கு எடுப்பது என்று பார்த்துக்கொண்டு வருவார்கள். சிலருக்கு முன்னால் நிற்பார்கள், குனிந்து பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போவார்கள். கிடக்கிற ஆளுக்கும் விளங்கிவிடும்.

அங்கே நின்ற ஒரு மூத்த தாதி என்னைக் கூப்பிட்டு, "நீ இவையளோட இரு" என்றா. "என்ன செய்யிறது அக்கா?" என்றேன். "பேரைக் கேள். தண்ணி கேட்டாப் பஞ்சில நனைச்சு உதட்டில வை. இலையானைக் கலை. கையை விடாதை." எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும் அவ்வளவுதான்.

பேர்களை ஒரு கொப்பியில் எழுதினேன். ஊரையும் எழுதினேன். ஒரு ஐயா தன்ர மாட்டின் பேரைச் சொல்லி, அவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன், பயமில்லை என்றார். அதையும் எழுதினேன். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இல்லை. ஆனால் பிறகு முகாமில் இரண்டு குடும்பங்களைக் கண்டேன். "உங்கட அப்பா தனியச் சாகேல்லை, நான் பக்கத்தில இருந்தனான்" என்று சொல்ல முடிந்தது. ஒரு மகள் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

தங்கச்சி இரவுப்பணி, நீங்கள் போய்த்தான் ஆகவேண்டும். உங்களுக்கு இரண்டு உயிர் வண்டிக்குள் இருந்தது. எனக்குப் போக ஒரு இடமும் இல்லை, அதனால் இருந்தேன்.

மேலத்தெரு | வியாழன், காலை 7.00

வன்னி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் கோபமாக எழுதிவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா வந்த பஸ் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. நான் தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் சும்மா நிற்கவில்லை, அதை நான் மறுக்கவில்லை. அப்பா வராண்டாக் கடைசியில், படிக்கட்டுக்குக் கீழே, ஒரு ஸ்ட்ரெச்சரில் இருந்தார். மணிக்கட்டில் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. அவர் போய்விட்டார் என்று நினைத்துத்தான் கிட்டப் போனேன். மூச்சு இருந்தது. ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்தது. இருபது நிமிடம் கழித்துப் போனார்.

தலையில் அடி, ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். நம்புகிறேன். மற்றவர்களை முதலில் பார்த்தார்கள் என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. இரண்டு மணி நேரம் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே அவர் கண் திறந்தாரா, யாரையாவது கூப்பிட்டாரா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அதுதான்.

டூட்டி டாக்டர் | வியாழன், பகல் 2.40

தண்ணீர் பற்றி எழுதுகிறேன் என்றேன். இரண்டு தடவை எழுதி அழித்தேன்.

சகோதரி, வாய்வழியாகக் கொடுக்காதே என்ற விதி மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போடப் போகிறவருக்காக. குமட்டி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. காப்பாற்ற முடிந்தவரைக் காப்பதற்கான விதி அது. அந்தப் பெரியவருக்கு அது பொருந்தவில்லை. உதட்டை நனைத்திருக்கலாம், கொஞ்சம் குடிக்கவும் கொடுத்திருக்கலாம், கெடுதல் எதுவும் கூடியிருக்காது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் நாளைக்கும் வண்டியில் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

இது உங்கள் குறை இல்லை. யாரை விடுவது என்று நாங்கள் சொல்லித்தருகிறோம், விட்ட பிறகு அவருக்கு என்ன செய்வது என்று சொல்லித்தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இதையே சொல்கிறது: பேரிடரில் பிழைக்க மாட்டார் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் வலி நீக்கமும் மூச்சுத்திணறலுக்கு மருந்தும் பக்கத்தில் ஒரு மனிதத் துணையும் சிகிச்சையின் பகுதி. எங்கள் மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தில் கறுப்புக்கு நேராக 'பிணவறை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. உயிர் இருக்கும்போதே பிணவறை. நேற்று அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு போய்த் துறைத் தலைவரிடம் வைத்தேன். ஒரு தனி இடம், ஒரு நர்ஸ், மார்பின், குடும்பத்தார் வந்தால் உட்கார நாற்காலி. இவ்வளவுதான் கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்றார். பயிற்சி மாணவர்களை நிறுத்தலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். விடப்போவதில்லை.

மூன்றாமாண்டு | வியாழன், மாலை 5.15

டாக்டர், நாங்கள் நிற்போம். எங்கள் வகுப்பில் கேட்டுவிட்டேன், பதினான்கு பேர் கை தூக்கினார்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10.50

டாக்டர் எழுதியதைப் படித்து அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனால் சொன்னதற்கு நன்றி.

இன்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்ன போன் நம்பரை அன்றைக்கு உள்ளங்கையில் எழுதி வைத்து, பிறகு நோட்டில் ஏற்றியிருந்தேன். நாலு வருடமாக அழைக்கவில்லை. பதனமாகச் சொல்லச் சொன்னார், நான் சொல்லவே இல்லை. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மா வாசல் திண்ணையில் பாய் விரித்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். யார் என்று சொன்னேன். முதல் வண்டியில் வந்தது நான்தான், அவரை விட்டுவிட்டுப் போனது நான்தான், தண்ணி கேட்டார், கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொன்னார், பேசினாரா என்று கேட்டார். பிரஷர் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியாத விஷயம். எங்கள் வண்டி போன பிறகு, கதவைப் பிடித்துக் கத்தினாரே, அந்த ஆள்தான் அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாராம். தன் தூக்குவாளி மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி ஊற்றினாராம். அடுத்த வண்டியில் கூடவே ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் போனாராம். வெந்த தோல் ஒட்டிய வேட்டியோடு மறுநாள் வந்து இந்த அம்மாவிடம் எல்லாம் சொன்னது அவர்தான். "உன்னைப் பத்தியும் சொன்னாரும்மா, அந்தப் புள்ளையைக் கெட்ட வார்த்தை சொல்லிட்டேன்னு வருத்தப்பட்டாரு" என்றார்.

தீயணைப்பு ஐயா சொன்னதைப் பைலட் அண்ணனிடம் சொன்னேன். இனி யாரையாவது விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால், அங்கே நிற்பவர்களில் ஒருவரைக் கைகாட்டி "நீங்க இவர்கிட்ட உட்காருங்க, இவர் பேரு இது, பேசிக்கிட்டே இருங்க, உதட்டை நனைச்சுவிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவது என்று பேசிக்கொண்டோம். பத்து நொடி ஆகும். பையில் ஒரு பஞ்சுப் பொட்டலமும் சின்ன பாட்டிலும் வைத்திருக்கிறேன். டாக்டர், மூச்சு வாங்குகிறவருக்கு எவ்வளவு நனைக்கலாம், எந்த நிலையில் சாய்த்து வைக்கச் சொல்வது என்று எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

அந்த ஆளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பட்டாசு வேலையை விட்டுவிட்டாராம், இப்போது கொத்தனார் வேலைக்குப் போகிறாராம். அடுத்த ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை, போய்ப் பார்க்கணும்.